தலைமாட்டுச் சுவர்

கார்ல்டன் ஆர்ம்ஸ் விடுதிக்குப் போகிறவர் முதலில் படி ஏற வேண்டும். நியூயார்க்கின் மன்ஹாட்டனில், மூன்றாம் அவென்யூவை ஒட்டி, கிழக்கு 25ஆம் தெருவில் 160ஆம் எண்ணுள்ள பழைய கட்டடம் அது. வரவேற்பு மேசை ஒரு மாடி மேலே இருக்கிறது. அங்கிருந்து அறைக்கும் படிதான், லிஃப்ட் கிடையாது. பெட்டியைத் தூக்கிக்கொண்டு மூச்சு வாங்க ஏறும்போதே படம் தொடங்கிவிடுகிறது. படிக்கட்டுச் சுவரில் ஒருவர் கை, திருப்பத்தில் இன்னொருவர் கை, நடைவழியில் மூன்றாமவர். அறைக் கதவை அடைவதற்குள் நான்கைந்து பேருடைய கனவுக்குள் புகுந்து வெளியே வந்திருப்போம்.

பார்க் ஹோட்டல் டோக்கியோவில் வரவேற்பு மேசையே 25ஆம் மாடியில் இருக்கிறது. ஷியோதோமே மீடியா டவர் என்ற 34 மாடிக் கட்டடத்தின் மேல் பத்து மாடிகள்தான் விடுதி. கீழே அலுவலகங்கள். காதை அடைக்கும் வேகத்தில் லிஃப்ட் ஏறுகிறது. 31ஆம் மாடியில் இறங்கி, எண்ணைத் தேடி, அட்டையைக் காட்டிக் கதவைத் திறந்தால், படுக்கைக்கு மேலே வெள்ளைச் சுவரில் சுமோ மல்லர்கள் கருமையாக நிற்கிறார்கள்.

இரண்டு இடத்திலும் செய்முறை ஒன்றுதான். ஓவியரை வரவழை, தங்க இடம் கொடு, ஓர் அறையை ஒப்படை, சுவரில் வரையவிடு. அறைக்கு அறை வேறு ஓவியர். இதை ஒரே வகை என்று பயண வழிகாட்டிகள் ஒரே பத்தியில் எழுதிவிடுகின்றன: ‘கலை விடுதிகள்’. எனக்கு அந்தப் பெயரில் எப்போதும் ஒரு சந்தேகம் உண்டு. ஒரே அரிசி, ஒரே உளுந்து, ஆனால் ஒரு வீட்டில் இட்லியாகவும் இன்னொரு வீட்டில் தோசையாகவும் வருவதைப் போல, இந்த இரண்டு விடுதிகளிலும் சுவரோவியம் வெவ்வேறு பண்டமாகிவிட்டது. எங்கே பிரிகிறது என்று பார்ப்பதுதான் இந்தக் கட்டுரை.

கார்ல்டன் ஆர்ம்ஸின் கதையை நியூயார்க்கின் வறுமையிலிருந்துதான் தொடங்க வேண்டும். 1975இல் அந்த நகராட்சி திவாலின் விளிம்பு வரை போனது. மன்ஹாட்டனில் நூற்றுக்கணக்கான பழைய ஹோட்டல்கள் ஒற்றை அறை வாடகை விடுதிகளாகிப் போயிருந்தன. அரசு உதவித்தொகையில் வாழ்ந்தவர்களும், போதைக்கு அடிமையானவர்களும், போக வேறிடம் இல்லாதவர்களும் அங்கே தங்கினார்கள். கார்ல்டன் ஆர்ம்ஸும் அப்படி ஒன்றுதான். பழுது பார்க்கப் பணம் இல்லை. 1980களின் தொடக்கத்தில் பொறுப்பேற்ற மேலாளர் எட் ரயன் அந்த அழுக்குச் சுவர்களை ஓவியர்களிடம் கொடுத்தார். அந்த நாட்களில் நியூயார்க்கில் சுவருக்கு அலைந்த ஓவியர்களுக்குப் பஞ்சமே இல்லை. 1980 ஜூனில் டைம்ஸ் சதுக்கத்துக்கு அருகே, ஒரு பழைய மசாஜ் பார்லர் கட்டடம் முழுவதையும் இளம் கலைஞர்கள் நிரப்பி நடத்திய ‘டைம்ஸ் ஸ்கொயர் ஷோ’ கண்காட்சி, காட்சிக்கூடம் இல்லாமலும் கலை நடக்கும் என்று காட்டியிருந்தது. ரயில் பெட்டிகளிலும் மதில்களிலும் ஸ்ப்ரே பெயின்ட் அடித்தவர்கள் பெயர் வாங்கத் தொடங்கியிருந்த நேரம். அவர்களுக்கு ஒரு படுக்கையும் நான்கு சுவர்களும் கொடுத்தால் போதுமானதாக இருந்தது.

அதாவது அங்கே படம் முதலில் பழுதுபார்ப்புக்குப் பதிலாக வந்தது. விரிசலை மறைக்க வேண்டும், காரை உதிர்ந்த இடத்துக்கு ஏதாவது செய்ய வேண்டும். பட்டி பார்த்து, எமல்ஷன் அடிக்கும் செலவை ஒரு கற்பனை ஏற்றுக்கொண்டது. அதனால் வாடகையும் ஏறவில்லை. இன்றுவரை அறைகளில் டிவி கிடையாது, தொலைபேசி கிடையாது, பல அறைகளுக்குக் குளியலறை பொது. 54 அறைகள். விடுதி தன்னைப் பற்றிச் சொல்லிக்கொள்ளும் வாசகமே, இது ஹாலிடே இன் இல்லை என்பதுதான். தன் குறையைப் பெருமையாக்கிக்கொள்ளும் நியூயார்க் குரல் அது.

டோக்கியோவுக்கு வருவோம். ஷியோதோமே என்பது சாதாரண இடமில்லை. ஜப்பானின் முதல் ரயில் 1872இல் புறப்பட்ட பழைய ஷிம்பாஷி நிலையம் இங்கேதான் இருந்தது. பிறகு அது சரக்கு முற்றமாகி, 1986இல் மூடப்பட்டு, நிலம் நகரின் நடுவே வெறுமையாகக் கிடந்தது. அந்த நிலத்தில் எழுந்த கண்ணாடிக் கோபுரங்களில் ஒன்றில் 2003இல் இந்த விடுதி திறந்தது. ஏறக்குறைய 270 அறைகள், புதுச் சுவர்கள், புதுக் குழாய்கள். மறைக்க வேண்டிய விரிசல் எதுவும் இல்லை.

அப்படியானால் படம் ஏன் வந்தது? ஒரு கணக்கைப் பாருங்கள். 2010இல் ஜப்பானுக்கு வந்த வெளிநாட்டார் 86 லட்சம் பேர். 2011 மார்ச்சில் நிலநடுக்கமும் ஆழிப்பேரலையும் ஃபுகுஷிமா அணுஉலை விபத்தும். அந்த ஆண்டில் வந்தவர்கள் 62 லட்சமாகச் சுருங்கினார்கள். அடுத்த ஆண்டு எண்ணிக்கை மெல்ல மீண்டது. 2012 டிசம்பரில், தன் 31ஆம் மாடியில் 31 அறைகளை 31 ஓவிய அறைகளாக்கும் திட்டத்தை இந்த விடுதி தொடங்கியது. 2016இல் கடைசி அறை முடிந்தபோது, ஜப்பானுக்கு வந்த வெளிநாட்டார் 2 கோடியே 40 லட்சம். யென் மதிப்பு இறங்கியது, விசா விதிகள் தளர்ந்தன, 2020 ஒலிம்பிக் டோக்கியோவுக்குக் கிடைத்தது. வருகிறவர்களுக்கெல்லாம் ஒரே கேள்வி: இந்தத் தூங்கும் பெட்டி பாரிஸிலோ சிங்கப்பூரிலோ இல்லை, டோக்கியோவில்தான் இருக்கிறது என்பதற்கு அறைக்குள் என்ன அடையாளம்? 31ஆம் மாடி அதற்குப் பதில். ஓவியர்களுக்கு விடுதி கொடுத்த பொதுத் தலைப்பு ‘ஜப்பானிய அழகுணர்வு’. ஓவிய அறைக்கு வாடகை மற்ற அறையைவிடக் கூடுதல்.

இப்போது கோடு தெரிகிறது. நியூயார்க்கில் படம் வாடகையைத் தாழ்வாகவே வைத்திருக்க உதவியது. டோக்கியோவில் அது வாடகையை ஏற்றியது. சுவரில் என்ன இருக்கிறது என்பதைப் பேசுவதற்கு முன்பே இது தீர்மானமாகிவிட்ட விஷயம். விருந்தினர் அறையை எப்படித் தேர்ந்தெடுக்கிறார் என்பதுகூட இதிலிருந்தே வருகிறது. டோக்கியோவில் அறைகளுக்குப் பெயர் உண்டு: சுமோ, ஜென், செர்ரி மலர், கோட்டை. படத்தைப் பார்த்து, பெயரைச் சொல்லி, குறிப்பிட்ட அறையையே பதிவு செய்யலாம். கார்ல்டன் ஆர்ம்ஸிலும் அறைகளுக்குச் செல்லப் பெயர்கள் உண்டு. வெர்சாய் அறை, மாட்டுப்புள்ளி அறை என்று பழைய பயணிகள் எழுதியிருக்கிறார்கள். ஆனால் அடுத்த முறை போகும்போது அந்த மாடு அங்கே இருக்குமா என்பது உறுதியில்லை.

சுவரில் வரைவதற்குக் கூலியாகப் படுக்கை என்பது இந்த இரண்டு விடுதிகளும் கண்டுபிடித்ததில்லை. நியூயார்க்கிலேயே இதற்கு ஒரு கண்ணியமான முன்னோடி இருக்கிறது. மாடலின் என்ற சிறுமியின் கதைகளை எழுதி வரைந்த லுட்விக் பெமெல்மன்ஸ், 1947இல் கார்லைல் ஹோட்டலின் மதுக்கூடச் சுவர்களில் சென்ட்ரல் பார்க்கின் நான்கு பருவங்களையும் வரைந்தார். முயல்கள் உல்லாசமாகப் பூங்காவில் உலாவுகின்றன. கூலி பணமாக இல்லை. அவரும் குடும்பமும் ஒன்றரை ஆண்டு அங்கே தங்கிக்கொள்ளலாம் என்பது பேச்சு. அந்தச் சுவர் இன்றும் இருக்கிறது, அதன் முன்னால் ஒரு கிளாஸ் குடிக்கக் காசு எவ்வளவு என்று கேட்காமல் இருப்பது நல்லது. 23ஆம் தெருவில் செல்ஸி ஹோட்டலில் அதன் மேலாளர் ஸ்டான்லி பார்ட் வாடகைக்குப் பதிலாகப் படங்களை ஏற்றுக்கொண்டதும் ஊரறிந்த கதை. எட் ரயன் செய்தது இந்தப் பழக்கத்தின் மலிவுப் பதிப்பு. மலிவு என்பதை நான் குறையாகச் சொல்லவில்லை.

ஜப்பானிலோ இந்தப் பழக்கம் பார்க் ஹோட்டலைவிட மிக மூத்தது. 1786இல் கியோட்டோவின் புகழ்பெற்ற ஓவியர் மருயாமா ஓக்கியோ, தெற்கே குஷிமோட்டோ கடலோரத்தில் இருந்த முர்யோஜி கோயிலுக்குப் படம் வரைந்து தருவதாகக் கொடுத்த வாக்கைக் காப்பாற்ற முடியாமல், தன் மாணவர் நாகசவா ரோசெட்ஸுவை அனுப்பினார். ஆசிரியரின் கண் எட்டாத தூரத்தில் அந்த மாணவர் சில மாதங்கள் தங்கி, காகித நகர்கதவுகளில் பெரிய புலியையும் டிராகனையும் வரைந்தார். புலி இருக்கும் கதவைப் பின்பக்கம் போய்ப் பார்த்தால் மீனுக்குக் குறிவைக்கும் பூனை! முன்னால் புலி, பின்னால் வீட்டுப் பிராணி. ஓவியன் ஓர் அறையில் வாழ்ந்து வரைந்தால்தான் இப்படி ஒரு குறும்பு வரும். ஸ்டூடியோவில் வரைந்து வண்டியில் அனுப்பினால் வராது. பின்னொரு நூற்றாண்டில், டோக்கியோவின் மெகுரோ காஜோயென் விருந்து மாளிகையில், 1935இல், 99 படிகள் கொண்ட மரப் படிக்கட்டு ஏழு அறைகளை இணைத்தது. அறைக்கு அறை வேறு ஓவியரின் கைவண்ணம். பார்க் ஹோட்டலின் 31ஆம் மாடிக்கு மிக நெருங்கிய மூதாதை இதுதான் என்பது என் எண்ணம். ஒரே வித்தியாசம், மெகுரோவில் அந்த அறைகளில் விருந்து நடந்தது. யாரும் தூங்க வரவில்லை.

தூக்கம் இங்கே சின்ன விஷயமில்லை. சுவரோவியம் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் நின்றுகொண்டு பார்க்கிறவரின் கண்ணைத்தான் மனதில் வைத்திருப்பார்கள். விடுதி அறையில் பார்ப்பவர் படுத்திருக்கிறார். நம் ஊர் லாட்ஜ் அறைச் சுவரில் ஒரு ட்யூப் லைட், காலண்டர் தொங்கிய ஆணி, வெளியாட்கள் தங்கக் கூடாது என்று அச்சடித்த தாள். அதைத் தாண்டிச் சுவர் எதுவும் சொல்லாது, நாமும் எதிர்பார்ப்பதில்லை. ஆனால் படம் வரைந்த அறையில் ஒரு சிக்கல் உடனே எழுகிறது. அறையின் பெரிய, ஜன்னலோ கதவோ குறுக்கிடாத சுவர் எது? கட்டில் தலைவைத்திருக்கும் சுவர். புகைப்படத்தில் கம்பீரமாகத் தெரிவதும் அதுதான். படுத்தவுடன் கண்ணுக்கு மறைந்துபோவதும் அதுதான். படுத்திருப்பவர் பார்ப்பது காலடிச் சுவரையும் கூரையையும்.

வழக்கமான விடுதியில் காலடிச் சுவர் டிவிக்குச் சொந்தம். டோக்கியோவிலும் அப்படித்தான், ஓவியர் தனக்குப் பிடித்தாலும் பிடிக்காவிட்டாலும் ஒரு கறுப்புச் செவ்வகத்தோடு சுவரைப் பங்கிட்டுக்கொள்ள வேண்டும். கார்ல்டன் ஆர்ம்ஸில் டிவி இல்லை. வறுமையால் வந்த அந்த இன்மை ஓவியருக்குப் பெரிய வரம். காலடிச் சுவர் முழுவதும் அவருக்கே. கூரையும் அவருக்கே. ஜன்னல் வழியே எதிர்க் கட்டடத்தின் செங்கல்லோ தெருவோ தெரிகிற அறைகளில் படம்தான் ஜன்னல். பார்க் ஹோட்டலில் ஜன்னல் ஒரு போட்டியாளர். சில அறைகளிலிருந்து டோக்கியோ டவர் இரவில் ஆரஞ்சு ஒளியில் நிற்பது தெரியும். அதற்குப் பக்கத்தில் எந்த ஓவியம் நிற்கும்?

இதற்குச் சிறந்த பதிலைக் கொடுத்தவர் ஹிரோயுகி கிமுரா என்று நினைக்கிறேன், சுமோ அறையை வரைந்தவர். மல்லர்களை மை கொண்டு வரைவதே அவருடைய தனித்துறை. அறையில் வண்ணம் கிடையாது. வெள்ளைச் சுவர், கறுப்பு மை, அடக்க முடியாத உடல்கள். போட்டி மேடை, கூட்டம், கொடி எதுவும் இல்லை. சுவரின் விளிம்பு தோளை வெட்டுகிறது. மல்லன் சுவருக்குள் அடங்கவில்லை, சுவர்தான் அவனுக்குப் போதவில்லை என்று தோன்றும். டோக்கியோ டவர் எவ்வளவு ஒளிர்ந்தாலும் அது வெளியே தூரத்தில், மல்லன் தலைமாட்டில். வெளிச்சத்தை அணைத்த பிறகும் அந்தக் கனம் அங்கே நிற்கிறது. தலைமாட்டுச் சுவரை மறைந்துபோகும் சுவராக விடாமல், காவலுக்கு நிற்கும் சுவராக மாற்றிவிட்டார். இதே வேலையைச் செர்ரி மலர் செய்யாது. ஹிரோகோ ஓட்டாகேயின் செர்ரி மலர் அறை அழகானது, அமைதியானது. ஆனால் அது நாளை காலை கண்விழிக்கும்போது பார்ப்பதற்கான படம், இரவுக்கான படமில்லை.

பொதுத் தலைப்பைப் பற்றிச் சொல்ல வேண்டும். ‘ஜப்பானிய அழகுணர்வு’ என்ற கட்டளையை முதலில் கேட்டபோது எனக்கு எரிச்சல்தான் வந்தது. சுமோ, ஜென், கெய்ஷா, செர்ரி, கோட்டை: விமான நிலையத்தில் சாவிக்கொத்து விற்கும் கடையின் பட்டியல். இந்தப் பட்டியலுக்குள் ஓவியருக்கு என்ன இடம் இருக்கும்? அக்கி கோண்டோவின் அறையைப் பார்த்த பிறகு என் எரிச்சல் பாதி இறங்கியது. தலைப்பு கெய்ஷாவும் தங்கமீனும். தங்கமீன் இயற்கையில் இருந்த மீனில்லை; பார்ப்பதற்கென்றே மனிதர்கள் தலைமுறை தலைமுறையாகப் பொறுக்கி வளர்த்த உடல், தொட்டிக்குள் நீந்தும் அலங்காரம். வெளிநாட்டுப் பயணி மனதில் இருக்கும் கெய்ஷாவும் அப்படித்தானே? இரண்டையும் சிவப்பில் குழைத்து ஒரே அறையில் விடும்போது, பார்க்க வந்தவரையும் சேர்த்தே தொட்டிக்குள் போட்டுவிடுகிறார். இது என் வாசிப்பு. ஓவியர் இப்படி நினைத்தார் என்று நான் சொல்லவரவில்லை. ஆனால் கட்டளை கொடுத்தவர் கேட்டதைக் கொடுத்துக்கொண்டே அதற்குள் ஒரு முள்ளையும் வைப்பது கூலிக்கு வரையும் ஓவியரின் பழைய கலை. ரோசெட்ஸுவின் பூனை அந்த வகைதான்.

கார்ல்டன் ஆர்ம்ஸில் தலைப்பே கிடையாது. யாருக்கு எது தோன்றுகிறதோ அது. எகிப்து, கடலடி, கார்ட்டூன், உடல், வன்மம், குழந்தைக் கனவு. 1990களின் இறுதியில், உலகம் அறியாத இளைஞராக இருந்த தெரு ஓவியர் பான்ஸி இங்கே தங்கி வரைந்தார். பிற்காலத்தில் அவர் பெயர் ஏலக்கடைகளில் லட்சங்களாகக் கூவப்பட்டபோது விடுதிக்கு ஒரு தனிப் புகழ் சேர்ந்தது. சுதந்திரம் கொடுத்தால் சிறந்தது வரும் என்று நம்புகிறவன் நான். இருந்தாலும் கார்ல்டன் ஆர்ம்ஸின் பல ஆண்டுப் படங்களை வரிசையாகப் பார்த்தால் ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். கட்டளை இல்லாத ஓவியர் பல நேரம் தன் காலத்தின் கட்டளைக்குப் பணிந்துவிடுகிறார். ஒரு பத்தாண்டின் அறைகள் ஒன்றையொன்று சாயலில் ஒத்துப்போகின்றன, ஒரே கல்லூரி விடுதியில் படித்த பையன்களின் தலைமுடியைப் போல. நல்லதும் சுமாரும் கலந்துதான் இருக்கிறது. ஆனால் சுமாரானதற்கும் அங்கே ஒரு மரியாதை உண்டு, ஏனென்றால் அதன் முறை முடியப்போகிறது.

கார்ல்டன் ஆர்ம்ஸில் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை அறைகள் புதிய ஓவியருக்குப் போகின்றன. பழைய படத்தின் மேல் வெள்ளை பூசி, அவர் தொடங்குகிறார். டோக்கியோவின் 31 அறைகளோ முடிந்த படைப்புகளாக, எண்ணிட்டு, பெயரிட்டு, பேணப்படுகின்றன. பேணுவது எளிதில்லை. ஜப்பானிய மரபு ஓவியத்தில் கனிமப் பொடிகளை விலங்குத் தோலிலிருந்து எடுக்கும் நிகாவா பசையில் குழைத்துத் தீட்டுவார்கள். அந்த முறையில் தீட்டிய பரப்பு உரசலையும் ஈரத்தையும் தாங்காது. காட்சிக்கூடத்தில் கயிறு கட்டிவிடலாம். விடுதி அறையில் சக்கரப் பெட்டி சுவரில் இடிக்கும், ஈரத்துண்டு உரசும், குழந்தை கட்டிலில் குதிக்கும், துப்புரவுப் பணியாளர் தினமும் துடைப்பார். விடுதிச் சுவரில் வரைகிற எவரும் அழகைப் பற்றி யோசிக்கும் அதே நேரத்தில் சோப்புத் தண்ணீரைப் பற்றியும் யோசித்தாக வேண்டும். மை, அக்ரிலிக், மேலே ஒரு பாதுகாப்புப் பூச்சு என்று முடிவெடுக்கும்போதே படத்தின் குணம் பாதி தீர்மானமாகிவிடுகிறது. நியூயார்க்கில் இந்தக் கவலை குறைவு. இடித்தால் இடிக்கட்டும், எப்படியும் போகப்போகிற படம்.

மேலே வெள்ளை பூசுவது சாதாரணச் செயல் என்று நினைத்துவிட வேண்டாம். கார்ல்டன் ஆர்ம்ஸிலிருந்து ஈஸ்ட் ஆற்றைக் கடந்தால் குயீன்ஸ். அங்கே ஃபைவ்பாயின்ட்ஸ் என்ற தொழிற்சாலைக் கட்டடத்தின் சுவர்களில் உரிமையாளரின் அனுமதியோடு ஸ்ப்ரே ஓவியர்கள் ஆண்டுக்கணக்கில் வரைந்துவந்தார்கள். அங்கும் ஒருவர் படத்தின் மேல் இன்னொருவர் வரைவது வழக்கம்தான். 2013இல் உரிமையாளர் ஓர் இரவில் எல்லாவற்றின் மேலும் வெள்ளையடித்தார். 21 கலைஞர்கள், 1990இல் இயற்றப்பட்ட காட்சிக் கலைஞர் உரிமைச் சட்டத்தின்கீழ் வழக்குத் தொடுத்தார்கள். 2018இல் நீதிமன்றம் அவர்களுக்கு 67.5 லட்சம் டாலர் இழப்பீடு விதித்தது, 2020இல் மேல்முறையீட்டிலும் அது நிலைத்தது. நீண்ட காலம் நிற்காது என்று தெரிந்தே வரைந்த படமும் மதிப்புக்குரிய படைப்பாக இருக்கலாம் என்று நீதிபதிகள் ஒப்புக்கொண்டார்கள்.

அப்படியானால் கார்ல்டன் ஆர்ம்ஸின் வெள்ளைக்கும் குயீன்ஸின் வெள்ளைக்கும் என்ன வேறுபாடு? பூசுகிற கை. ஒன்றில் உரிமையாளர் ஓவியர்களை வெளியேற்ற வெள்ளையடித்தார். மற்றதில் அடுத்த ஓவியர் தனக்கு இடம் செய்துகொள்ள வெள்ளையடிக்கிறார். தன் படத்தின் மேல் இன்னொருவர் வரைவதை ஓவியர் பொறுத்துக்கொள்வார், தானும் அப்படித்தான் வந்தவர் என்பதால். படத்தின் மேல் ஒன்றும் இல்லாமல் போவதைத்தான் பொறுக்கமாட்டார்.

இங்கே மூன்றாவதாக ஒரு விடுதியின் பெயரைச் சொல்லாமல் போக முடியவில்லை. 2005இல் ஃபோக்ஸ்வாகன் தன் சிறிய காரான ஃபாக்ஸை ஐரோப்பாவில் அறிமுகப்படுத்தியபோது, கோபன்ஹேகனில் ஒரு பழைய விடுதியை எடுத்து 21 கலைஞர்களையும் குழுக்களையும் வரவழைத்து 61 அறைகளையும் வரையவைத்தது. பெயர் ஹோட்டல் ஃபாக்ஸ். பிரேசிலிலிருந்து ஆஸ்திரேலியாவரை திறமைசாலிகள். அறைகள் நன்றாகவே இருந்தன. சில மிக நன்றாக. இன்று அந்தப் பெயரில் விடுதி இல்லை, அந்த அறைகள் இல்லை, அந்த காரும் ஐரோப்பியச் சந்தையில் இல்லை. அங்கே படத்தை அடுத்த ஓவியருக்குக் கைமாற்றும் வழக்கமும் இல்லை, பேணிக் காக்கும் வைராக்கியமும் இல்லை. விளம்பரம் முடிந்தது, சுவரும் முடிந்தது. கார்ல்டன் ஆர்ம்ஸும் பார்க் ஹோட்டலும் எவ்வளவு எதிரெதிராக இருந்தாலும், இதன் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் உறவுக்காரர்கள்.

எதில் தங்குவேன் என்று கேட்டால், முன்பெல்லாம் யோசிக்காமல் கார்ல்டன் ஆர்ம்ஸ் என்பேன். ஏழை விடுதி, கட்டளையற்ற படம், பொதுக் குளியலறையில் அந்நியர்களோடு வரிசை: இளமையில் இதெல்லாம் கவர்ச்சி. இப்போது கொஞ்சம் தயக்கம் வருகிறது, முழங்கால் காரணமாக மட்டுமில்லை. கிமுராவின் மல்லனைப் போல, படுத்திருப்பவரின் தலைக்கு மேல் என்ன நிற்க வேண்டும் என்று யோசித்து வரைந்த ஒரு சுவர் கார்ல்டன் ஆர்ம்ஸின் படங்களில் எனக்குக் கண்ணில் படவில்லை. அங்கே ஓவியர் தனக்காக வரைந்தார், தன் சகாக்களுக்காக வரைந்தார். உறங்க வருகிறவரை அவர் மறந்துபோனதில் ஓர் அழகு உண்டு. நினைத்துக்கொண்டு வரைந்ததில் வேறு ஓர் அழகு. டோக்கியோவின் வாடகையை நினைத்தால் மறுபடியும் படியேறத் தோன்றுகிறது.

அந்த 31 அறைகளையும் ஒரே நாளில் பார்க்க வாய்ப்புள்ளவர் விருந்தினரில்லை. மதியம் பன்னிரண்டுக்கும் மூன்றுக்கும் இடையே, விரிப்புகள் அடுக்கிய தள்ளுவண்டியோடு மல்லனிலிருந்து தங்கமீனுக்கும், தங்கமீனிலிருந்து கோட்டைக்கும் கதவு கதவாகப் போகிற ஹவுஸ்கீப்பிங் பெண். படத்தின் எந்த மூலையில் தூசி படியும், எந்த இடத்தில் துணி மெதுவாகப் போக வேண்டும் என்று அவருக்குத்தான் தெரியும்.

கார்ல்டன் ஆர்ம்ஸில் வேறு கணக்கு. ஒரு கோட்டிங் காய்ந்தால் ஒரு மில்லிமீட்டரில் இருபதில் ஒரு பங்குகூடத் தேறாது. நாற்பது ஆண்டுகளாக வெள்ளை, படம், வெள்ளை, படம் என்று ஏறிக்கொண்டே போனால், நான்கு சுவர்களும் ஒவ்வொரு ஓவியருக்கும் ஒரு மயிரிழை உள்ளே வந்திருக்கும். பெட்டி இடித்து ஒரு மூலையில் பூச்சு பெயர்ந்தால், உடைந்த விளிம்பில் முதலில் தெரிவது இப்போதைய ஓவியரின் நீலம், அதற்குக் கீழே வெள்ளை, அதற்கும் கீழே யாரோ ஒருவருடைய மஞ்சள்.